பீன்யா வழியாகக் கனடா: ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பயணம்

கனடாவுக்குக் குடிபோகிறவர்களுக்கு யூடியூபில் எல்லாம் கிடைக்கிறது. எந்த ஸ்வெட்டர், எந்தப் பெட்டி, எத்தனை கிலோ சாம்பார் பொடி என்று விலாவாரியாகச் சொல்கிறார்கள். மருத்துவக் காப்பீடு என்று வந்தால் மட்டும் "அதையும் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டிக்கே போய்விடுகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. பயணம் என்னவோ பெங்களூருக்குள்தான்.

என் கணவர் அருளுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் கிளம்புகிறோம். நாங்கள் போகிற மாகாணத்தில் அரசுக் காப்பீடு தொடங்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதற்குள் பனியில் சறுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நம் தலையில். இங்கே நாங்கள் கட்டிவரும் பாலிசி இந்தியாவைத் தாண்டாது. எனவே இடைப்பட்ட காலத்துக்குத் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். அதற்கு முதலில் உடல் பரிசோதனை, பிறகு ஒரு டாக்டர் போனில் கேட்கும் கேள்விகள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு, காபிகூடக் குடிக்காமல், விவேக் நகரில் ஆட்டோ பிடித்தோம். அல்சூர் லேபுக்கு ஐந்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். அருளின் அக்கா ஸ்டெல்லா அண்ணியும் ஏறிக்கொண்டார். அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல்.

காப்பீட்டுக் கம்பெனி டாக்டர் பத்து மணிக்குக் கூப்பிடுவதாகத்தான் பேச்சு. டிரினிட்டி சிக்னலில் நாங்கள் சிக்கிய நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் அருள் ஸ்பீக்கரில் போட்டார். அந்தம்மா தமிழில்தான் பேசினார்.

"சர்க்கரை இருக்கா சார்?"

"இல்ல மேடம்."

"பிரஷர்?"

"இல்ல."

"அஞ்சு வருஷத்துல ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கீங்களா?"

"சேர்ந்ததே இல்ல."

"டேய் அருளு," என்றார் அண்ணி, "கிட்னி கல்லுக்கு மூணு நாள் படுத்திருந்தியே!"

"யாரு சார் பேசறது?"

"ஆட்டோ ரேடியோ மேடம்."

"உங்க பேரைச் சொல்லுதே சார் ரேடியோ!"

டிரைவர் அப்படியே குலுங்கிச் சிரித்தார். "சும்னே, பேசாம ஒத்துக்கோங்க சார்," என்று சொல்லிவிட்டு, டாக்டருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று எஞ்சினை வேறு அணைத்துவிட்டார். சிக்னல் பச்சையானது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் அலறின. அவர் அசையவில்லை.

கல் கணக்கில் ஏறியது. குழந்தைப் பருவத்தில் வந்த வீசிங், அண்ணியின் உபயத்தில், அதுவும் ஏறியது. அடுத்த கேள்வி: "நெஞ்சு வலி எப்பவாவது வந்திருக்கா?"

"இல்ல," என்றார் அருள்.

இந்த முறை அண்ணி வாயைத் திறக்கவில்லை. திருமணமாகி எட்டு வருடத்தில் அவர் இப்படி மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் அருளின் பக்கம் திரும்பினேன்.

"இத நான் சொல்ல மாட்டேண்டா," என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். "நீயே சொல்லு."

அருள் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னார். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது ஒரு நாள் நெஞ்சு வலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்தார்கள். அன்றிரவு வீட்டுக்கு வராததற்கு என்னிடம் ஆடிட் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரம்தான் என் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

"சொன்னது நல்லதா போச்சு சார்," என்றார் டாக்டர். "மறைச்சிட்டுப் போயி அங்க ஏதாவது ஆச்சுன்னா, க்ளெய்மைத் தள்ளிடுவாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி ரெண்டும் அனுப்புங்க. பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

அல்சூரில் இறங்கியதும் அண்ணி என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். லேபில் ரத்தம் கொடுத்தோம். என் பிரஷரைப் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்து, "டென்ஷனா இருக்கீங்களா மேடம்?" என்றார். நான் அருளைப் பார்த்தேன். நர்ஸும் அருளைப் பார்த்தார். ரெண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் சம்மரி வாங்க அங்கிருந்தே பீன்யாவுக்குக் கிளம்பினோம்; மெட்ரோதான் புத்திசாலித்தனம். அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஸ்டேஷன் வாசலில் அருள் வாங்கித் தந்த இட்லியை நின்றபடியே சாப்பிட்டேன். வண்டியில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன். ராஜாஜி நகர் தாண்டும்போது, "கோவமா?" என்றார்.

"ஏங்க, உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா எனக்கு யாரு சொல்லியிருப்பா? ஆடிட்டரா?"

அண்ணிக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் பழைய ரிக்கார்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போட வந்த டாக்டர் அருளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே அந்தப் பரோட்டா கேஸ்?"

"எந்தப் பரோட்டா?" என்றேன்.

"கேன்டீன்ல பந்தயம் கட்டி பதினோரு பரோட்டா சாப்பிட்டுட்டு வந்தாரும்மா. ஹார்ட் ஸ்ட்ராங்கா இருக்கு. வயித்துக்குத்தான் மருந்து குடுத்து அனுப்பினோம்."

வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அருள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன்மானம் கருதித்தான் என்னிடம் இத்தனை நாள் மூச்சு விடவில்லையோ என்று இப்போதும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

பத்து நாளில் பாலிசி வந்தது. அருளுக்குக் கிட்னி கல் மட்டும் விலக்கு, மற்றதெல்லாம் உண்டு. இதய விஷயத்தில் ஒரு கேள்விகூட இல்லை. கூடுதல் பிரீமியம் என் பெயரில்தான். இரண்டாவது தடவை பார்த்தபோதும் என் பிரஷர் இறங்கவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. இத்தனை நாள் எனக்கே தெரியாது. இப்போது தினம் ஒரு மாத்திரை.

கிளம்பப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: போகிற இடத்தில் அரசுக் காப்பீடு என்றைக்குத் தொடங்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். இடைக்காலப் பாலிசிகளில் சிலவற்றை இங்கிருந்தே எடுக்க வேண்டும், அங்கே இறங்கிய பிறகு கிடைக்காது. பழைய ரிக்கார்டுகளைத் தேட ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் எந்தப் பாலிசியிலும் வராது, இங்கேயே பார்த்துவிடுங்கள். மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் ஜெனரிக் பெயரையும் எழுதி வாங்குங்கள், அங்கே கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், டாக்டரிடம் சொல்ல வேண்டியதை முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அருள் இந்தக் கடைசி அறிவுரையை ரொம்பவே மனதில் வாங்கிக்கொண்டுவிட்டார். நேற்று மீட்டிங்கில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டு, தனக்கு ரெண்டு தும்மல் வந்ததாகத் தெரிவித்தார்.