பள்ளிக்கூடப் படகுக்கு எந்த இஞ்சின்?

"நீ படிச்சது பொஸ்தகம் தங்கச்சி. இஞ்சின் இல்ல லா!"

படகுக்கு எந்த இஞ்சின் வைக்கலாம் என்று நான் வாயைத் திறந்த அன்றே என் அண்ணன் சொன்னது இது. கோப்பெங் பக்கம் ஓர் ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை அவருக்கு. லீவு நாளில்தான் வீட்டுக்கு வருவார். வந்தால், இஞ்சின் விஷயத்தில் அவர் பேச்சுதான் பேச்சு. அப்பா தலையாட்டினார். அண்ணி தலையாட்டினார். நான்... காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது அங்கேயே பாடமும் சொல்லித் தருகிறேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில். பிரச்சினையே அதுதான்!

சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் ஆற்றின் இந்தப் பக்கம். பள்ளி மட்டும் அந்தப் பக்கம், முன்பு ரப்பருக்குப் புகை போட்ட பழைய கொட்டகையில். நானும் பிள்ளைகளும் தினமும் சம்பான் என்கிற சின்னத் தோணியில் கடக்கிறோம். மழைக்காலத்தில் ஆறு ஏறிவிட்டால் சம்பான்காரரின் கழிக்குத் தரை எட்டாது. போன மழைக்குப் பள்ளி திறந்திருந்த நாளைவிடப் பூட்டியிருந்த நாள்தான் அதிகம்.

தோட்டத்துத் துரை அதைக் கவனித்துவிட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த மழைக்கும் இப்படின்னா பள்ளிய மூடிருவாங்கம்மா. புள்ளைங்க புல்லு வெட்டப் போவட்டும்னு துரை சொல்லிட்டாரு."

கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பாவும் அண்ணனும் மெராந்தி மரப் பலகை வாங்கி, லயத்துக்குப் பின்னால் வைத்து ஒரு படகு கட்டினார்கள். நல்ல படகு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அதற்கு ஓர் இஞ்சின்தான் வேண்டும்.

மோட்டார் காரின் பெட்ரோல் இஞ்சினைப் போடலாம் என்றார்கள் சிலர். லேசானதுதான். ஆனால் பெட்ரோல் டின், பக்கத்தில் பிள்ளைகள், அதற்கும் பக்கத்தில் அப்பாவின் சுருட்டு... வேண்டாம் சாமி!

அப்போதுதான் அண்ணன் தன் லம்பத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கச்சா எண்ணெய் இஞ்சினைப் பற்றிச் சொன்னார். புதியது வந்துவிட்டதால், சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னாராம் லம்பத்து முதலாளி தவுக்கே.

"அண்ணே, நின்னுட்டா மறுபடி கெளப்ப எவ்ளோ நேரம் ஆகும்?"

"நிக்கவே நிக்காது தங்கச்சி. ராவும் பகலும் ஓடுனது லா அது!"

"நம்ம படகு நிக்குமே அண்ணே. அக்கரைக்குப் போனா நின்னுதான ஆகணும்?"

"அது... பாத்துக்கலாம் லா."

அந்த 'பாத்துக்கலாம்' மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. இறக்கியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். படகில் வைப்பதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்று கரையிலேயே கட்டைகளின் மேல் நிறுத்தினார் அண்ணன்.

இந்த வகை இஞ்சினுக்குத் தலையில் ஓர் இரும்புக் குமிழ் உண்டு. ஊதுவிளக்கை வைத்து அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால்தான் உள்ளே போகிற எண்ணெய் பற்றும். காய்ச்சினோம். காய்ச்சினோம். பால்வெட்டு முடிந்து வந்த சனமெல்லாம் கூடிவிட்டது. எனக்குள் ஒரே கணக்கு: இவ்வளவு நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே முடிந்திருக்கும்!

கடைசியில் அண்ணன் சக்கரத்தை இழுத்துவிட்டார். டும்... டும்... டும்! எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் முகம் மட்டும் மாறியது.

சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த இஞ்சினுக்கு அந்தக் குணம் உண்டாம். கிளம்பும்போது எந்தப் பக்கம் மனசு போகிறதோ அந்தப் பக்கம் சுற்றுமாம். "அப்ப டீச்சரும் புள்ளைங்களும் முதுக காட்டிக்கிட்டே பள்ளிக்கூடம் போவாங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, ஒரே சிரிப்பு.

அண்ணன் இஞ்சினை நிறுத்தினார். மறுபடி ஊதுவிளக்கு. மறுபடி காய்ச்சல். அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பூசை போடாம கெளப்புனா பின்னாலதான் சுத்தும்! அம்பது தடவ சொன்னேன், கேட்டீங்களா?"

"சரி, சீக்கிரம் போடு" என்றார் அண்ணன்.

திருநீறு, குங்குமம், சூடம் எல்லாம் வந்தன. அண்ணி இஞ்சினைச் சுற்றி வந்தார். பிறகு, செம்பு நிறைய மஞ்சள் தண்ணீரைத் தூக்கி அதன் தலையிலேயே ஊற்றினார். செக்கச் சிவந்திருந்த குமிழின் மேல்!

'டக்' என்று ஒரு சத்தம். வேறொன்றுமில்லை. குமிழில் மேலிருந்து கீழே ஒரு விரிசல்.

யாரை நோவது? லம்பத்தில் வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு இதே இஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அண்ணனே ஊற்றியிருக்கிறார். ஆனால் பூசை அன்றைக்கு அதற்கு ஓய்வு. ஆறிக் குளிர்ந்து கிடக்கும். அண்ணி அழுதார். "விடு புள்ள, வெல்டிங் வெச்சிரலாம் லா" என்று சமாதானம் சொன்னார் அண்ணன். யார் வைப்பது, எப்போது என்று நான் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தேன். கறுத்துக்கொண்டு வந்தது.

நமக்கு ஒரு பழக்கம். எதையாவது யாராவது புகழ்ந்துவிட்டால் போதும் — அது எந்த வேலைக்கு நல்லது என்று கேட்க மாட்டோம். அந்த இஞ்சின் பொல்லாததா? இல்லவே இல்லை. ஒரு தடவை கிளப்பிவிட்டால் நாள் கணக்கில் ஓடும். லம்பத்துக்கு வேண்டியது அதுதான். எனக்கு வேண்டியது, காலையில் கிளம்பி, அக்கரையில் நின்று, மாலையில் முணுமுணுக்காமல் மறுபடி கிளம்புவது. மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதே தப்பைத்தானே செய்கிறோம்?

மறுநாளே ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். இயந்திரம் விற்கிற கடையில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் இருந்தார். ஒரு மூலையில் சின்னதாக ஒரு டீசல் இஞ்சின்.

"இதுக்கு விளக்கு வைச்சுக் காய்ச்சணுமா?"

"வேண்டாம் பிள்ளை. உள்ளுக்கை காத்தை அமத்துற சூட்டிலையே எண்ணெய் பத்தும். ஆனா சுத்திறதுக்குத் தெம்பு வேணும். அண்ணரைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

"தினமும் சுத்தப்போறது அண்ணன் இல்லைங்க. நான்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு காட்டித் தந்தார். மேலே ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தூக்கி வைத்தால் கைப்பிடி லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் நெம்புகோலை இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கிவிட்டேன். கைப்பிடி கல் மாதிரி நின்றது. தோள் கழன்றுவிட்டதோ என்று தோன்றியது. "நான்தான் சொன்னனே பிள்ளை..." என்று தொடங்கினார். மறுபடி சுற்றினேன். சின்ன வயதில் அம்மாவோடு ரப்பர் பால் வாளி தூக்கிய கை இது. இந்தத் தடவை பொறுத்து இறக்கினேன்.

கிளம்பியது! அதுவும் சரியான பக்கத்தில்.

நிறுத்தச் சொன்னேன். மறுபடி கிளப்பினேன். மறுபடி நிறுத்தினேன். கிளார்க் பாவம், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தவணையில் பணம் கட்ட ஒத்துக்கொண்டு, இஞ்சினைப் பிறகு அனுப்பச் சொல்லிவிட்டு, படகின் விசிறியைச் சுழற்றும் தண்டின் பருமனையும் இஞ்சினின் உயரத்தையும் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்தேன்.

அடுத்த லீவுக்கு வந்த அண்ணன், நான் எல்லாம் சொன்ன பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "சத்தம் எப்பிடி?"

"சன்னமாத்தான் இருக்கு அண்ணே."

"அப்ப பலம் பத்தாது, சரிப்படாது லா. லம்பத்துல வெல்டிங்குக்கு ஆள் வரும். கொஞ்சம் பொறு."

வாதாட எனக்குத் தெம்பில்லை. தெம்பையெல்லாம் ஈப்போவில் கைப்பிடிக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் மழை பொறுக்குமா?

நேற்று அண்ணன் வேலைக்குப் போன பிறகு, துளை போடுகிற தமரை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கினேன். அப்பா பார்த்தார். சுருட்டை அணைத்துவிட்டு வந்து பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். டீசல் இஞ்சினின் தண்டுக்கு, கயிற்று முடிச்சு சொன்ன இடத்தில், லம்பத்து இஞ்சினுக்கு ஒத்துவராத அளவில், படகின் பின்னடியில் ஓட்டையைப் போட்டு முடித்தேன்.

இனி ஈப்போ இஞ்சின் வந்து, அதன் தண்டு அந்த ஓட்டையை அடைத்தால்தான் படகு மிதக்கும்.