இரண்டு வீட்டு டினர் செற்

புளியந்தீவில் ஞானமலர் மிஸ்ஸின் வீட்டில் சாப்பிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அவருடைய பீங்கானில் சாப்பிட்டவர்கள்தான் இல்லை. சுவரில் பீங்கான், ஷோகேசில் பீங்கான், கட்டிலுக்குக் கீழே பழைய சேலையில் சுற்றிய பீங்கான். கணவர் பீற்றர் அண்ணர் மட்டும் பிளாஸ்ரிக் கோப்பையில் தேநீர் குடிக்கிறார். அவருக்குக் கை நடுங்கும் என்று மிஸ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் பார்த்தவரையில் அந்த மனிசனின் கை நடுங்குவது மிஸ் அவரைக் கூப்பிடும்போது மட்டும்தான்.

என் பெயர் தங்கராசா. அதே ஒழுங்கையில் இருந்துகொண்டு வான் ஓடுகிறேன். கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் ஓடியிருக்கிறேன். ஆனால் ஒரு பெட்டிப் பீங்கானுக்காக நான் பட்ட பாடு எந்த மாப்பிள்ளைக்காகவும் பட்டதில்லை.

மிஸ் ஓய்வு பெறும்வரை குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவர். சனங்கள் 'மிட்வைஃப் மிஸ்' என்பார்கள். தேற்றாத்தீவு, வெல்லாவெளி என்று மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போவார். கர்ப்பிணியின் நிறையைப் பார்ப்பார், பிரஷரைப் பார்ப்பார், பிறகு கண் மெல்லக் குசினிப் பக்கம் போகும். பழைய பீங்கான் ஏதும் கண்டால், "இதில வெடிப்பிருக்கு, கிருமி நிக்கும்" என்று சொல்லிப் பைக்குள் வைத்துவிடுவார். வெடிப்பில்லாவிட்டால், "இது வெடிக்கப் போகுது" என்பார். அடுத்த முறை வரும்போது புதுப் பிளாஸ்ரிக் கோப்பை ஒன்று கொண்டுவந்து கொடுப்பதால் யாரும் கோபிப்பதில்லை. வெல்லாவெளியில் ஒரு வீட்டில் கோழிக்குத் தவிடு வைத்திருந்த மீன் தட்டை, கோழி தின்று முடியும்வரை பக்கத்தில் குந்தியிருந்து எடுத்து வந்தவர் அவர்.

மார்கழி பிறந்தால் சாப்பாட்டு மேசை கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, போய்விடும். வெள்ளை லேஸ் விரித்து, நல்ல பீங்கான்களையெல்லாம் அதில் அடுக்கிவைப்பார். வருகிறவர்கள் மேசையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, விறாந்தையில் இருந்து கடதாசித் தட்டில் கேக் சாப்பிடுவார்கள். ஒரு வருசம் கோயிலுக்குப் புதிதாக வந்த பாதர், விசயம் தெரியாமல் நேரே போய் மேசையில் உட்கார்ந்துவிட்டார். எழும்பச் சொல்ல முடியுமா? மிஸ் ஓடிப்போய் சோறு சுற்றும் மெல்லிய லஞ்ச் சீற் ஒன்றைக் கொண்டுவந்து பீங்கானின்மேல் விரித்து, அதன்மேல் சோற்றைப் போட்டார். பாவம் அந்த மனிசர், சீற்றுக்குக் கீழே தெரிந்த நீலப் பூவைக் கறி என்று நினைத்து விரலால் இரண்டுதரம் தடவிப் பார்த்தார்.

அந்த நீலப் பூச் செற்தான் கதை. அந்தக் காலத்து வக்கீல், பிறக்கிராசி ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது அது வெளியே வந்தது. தங்க விளிம்பு போட்டது, ஒரு கோப்பைகூடக் குறையவில்லை. மிஸ் பெட்டியின் ஒரு பக்கக் கைபிடியைப் பிடித்தார். மறுபக்கக் கைபிடியைக் காத்தான்குடி றஸீனா பிடித்திருந்தார். புடவைக் கடை வைத்திருப்பவர், அவருக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் விடவில்லை. பிரித்தால் அது செற் இல்லை, வெறும் பீங்கான் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. கடைசியில் பாதிப் பாதி காசு போட்டு வாங்கினார்கள். நத்தாருக்கும் கோயில் திருநாளுக்கும் புளியந்தீவு, இரண்டு பெருநாளுக்கும் காத்தான்குடி என்று பேச்சு. கைபிடியை விட்டபோது இருவரும் சிநேகிதிகள் ஆகியிருந்தார்கள்.

ஆக, வருசத்தில் நாலு தரம் அந்தப் பெட்டி என் வானில் கல்லடிப் பாலம் கடக்கும். கீழே மெத்தை, மேலே மெத்தை, நடுவில் பெட்டி, அதைக் கட்டிப் பிடித்தபடி பீற்றர் அண்ணர். பாலத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போவார்கள். 2019 இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்கப் பயந்திருந்த மாதங்களிலும் அது போய் வந்தது. சோதனைச் சாவடியில் ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக் காட்டச் சொன்னார்கள். காட்டிய மிஸ், அதன் அருமை பெருமையையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். அந்தச் சிப்பாய் பிறகு எங்கள் வானைக் கண்டாலே தூரத்திலிருந்தே 'போ' என்று கை காட்டுவான்.

போன நத்தாருக்கு முன்னம் செற்றை எடுக்கக் காத்தான்குடிக்குப் போயிருந்தோம். றஸீனா பெட்டியைக் காட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். மூச்சு வாங்கியது.

"மலர், இந்த முற கொண்டுபோனா திருப்பி அனுப்ப வாணா. நீயே வெச்சிரு" என்றார்.

"என்ன புள்ள கதைக்கிறாய்?"

"நெஞ்சில ஒரு வால்வு பழுதாம். கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்யட்டாம். எனக்கேலா. மகனுக்கும் சொல்லிட்டன். பேரப்புள்ளையளையும் கண்டாச்சி. போதும்."

எத்தனையோ வருசமாக மிஸ் ஆசைப்பட்ட செற் முழுதாக அவர் கைக்கு வந்துவிட்டது. வழி முழுக்க அழுதுகொண்டு வந்தார். பாலத்தில் நான் முதல்முறையாக மூன்றாம் கியர் போட்டேன். அதையும் அவர் கவனிக்கவில்லை.

அன்று தொடக்கம் மிஸ்ஸுக்கு ஒரே ஒரு வேலைதான், றஸீனாவைக் கொழும்புக்கு அனுப்புவது. நாள் தவறாமல் போன் எடுத்துக் கெஞ்சினார். இதே ஒப்பரேசன் செய்த ஓர் ஆளை என் வானில் ஏற்றிக்கொண்டு போய், சேர்ட்டைக் கழற்றித் தழும்பைக் காட்டச் சொன்னார். றஸீனா தழும்பைப் பார்க்காமல் அந்த ஆளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "அவருக்குச் சரி, எனக்கு வாணா" என்று முடித்துவிட்டார். ஒப்பரேசன் இல்லாமல் அதிக நாள் தாங்காது என்று மிஸ்ஸுக்குத் தெரியும். நாற்பது வருசம் ஆஸ்பத்திரியோடு பழகியவருக்கு யார் சொல்ல வேண்டும்?

நத்தார் அன்று றஸீனா வந்தார். நான்தான் ஏற்றி வந்தேன். மேசையில் நீலப் பூச் செற் மினுங்கியது. "இது கடைசி நத்தார்" என்று ஒருமுறை சொன்னார், மிஸ் கேட்காததுபோல் இருந்தார். பீற்றர் அண்ணர் மூலையில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க ஒரு புதினமான விசயம்" என்றார். "2033 இல நோன்புப் பெருநாள் டிசம்பர் இருபத்திமூண்டு. ரெண்டு நாளில நத்தார்."

மிஸ் யோசிக்காமல்தான் சொன்னார்:

"அப்ப செற் இஞ்சதான் நிக்கும். நத்தார் மேசை ஒரு கிழமைக்கு முன்னமே போடோணும்."

றஸீனா நிமிர்ந்தார். "அதெப்பிடிகா? முன்னுக்கு வாறது பெருநாள். முன்னுக்கு வாறவங்களுக்குத்தான் முதல்."

"சரி, இருபத்திமூண்டு முடிஞ்ச கையோட அனுப்பு."

"பிறை தெரியாட்டிப் பெருநாள் இருபத்திநாலு. பிறைக்கு நானா உத்தரவு போடுற? பெருநாளைக்கு வாற ஆக்கள் மூணு நாளைக்கு வருவாங்க. வெறும் மேசையையா காட்டுற?"

"கல்லடிப் பாலத்துக்கு நடுவில மேசையப் போட்டா என்ன?" என்றார் பீற்றர் அண்ணர். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

"என்னத்துக்கு இவ்வளவு கதை? முழுசா எனக்கெண்டு நீ தந்திட்டாய்தானே" என்றார் மிஸ்.

"நான் மௌத்தாப் போனாத்தான் அது ஒனக்கு! உசிரோட இருந்தா எனக்குப் பங்கிரிக்கி!"

இது கடைசி நத்தார் என்று சொன்ன மனுசி, ஒன்பது வருசத்துக்கு அப்பால் வரப்போகிற பெருநாளுக்கு மேசையில் அடித்துச் சண்டை பிடிக்கிறார். மிஸ்ஸின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் சேர்ட் நுனியை மேசைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை மட்டும் கல்லாக்கிக்கொண்டு சொன்னார்:

"பழுதான வால்வோட எப்பிடி நீ 2033 வரைக்கும் இருப்பாய்? அப்ப செற் எனக்குத்தான். சண்டையே இல்ல."

றஸீனா தேநீரைத் தொடாமல் எழும்பிப் போய் வானில் ஏறிவிட்டார். அவரைக் காத்தான்குடியில் இறக்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், மிஸ் குசினியில் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருக்கிறார். "சொல்லக்கூடாததச் சொல்லிட்டன் தங்கராசா. கோவத்தில அவ கொழும்புக்குப் போகாமலே விட்டா?" என்றார். ஆனால் மறுநாள் எழும்பி, நத்தார் மேசையைப் படம் எடுத்து, '2033 இலும் இப்படித்தான்' என்று எழுதி றஸீனாவுக்கு அனுப்பினார். அதற்கு அடுத்த நாள் வேறொரு பக்கத்திலிருந்து இன்னொரு படம். நாள்தோறும் ஒரு படம் போனது. பதில் ஒன்றும் வரவில்லை.

தைப்பொங்கல் கழிந்து றஸீனாவின் மகன் பாஹிம் என்னை வழியில் மறித்தான். "என்ன மாயம் செஞ்சீங்க? 'கொழும்புக்கு நாள் எடு, அந்த மனிசி செற்றத் தனிய வெச்சுக்கப் பாக்கிறா'ன்னு உம்மா பாயில குந்திக்கொண்டு சத்தம் போடுறா."

ஒப்பரேசன் நடந்த அன்று மிஸ் காலையில் பூசைக்குப் போய் வந்து, செற்றை முழுதாக வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். பீற்றர் அண்ணருக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை. அவரும் கேட்கவில்லை. மாலையில் பாஹிம் போன் எடுத்து, நல்லபடி முடிந்தது என்றான். மிஸ் மேசையில் தலையை வைத்து அப்படியே கிடந்தார்.

நோன்புப் பெருநாளன்று காலை மெத்தைகளும் பெட்டியுமாகப் பாலம் கடந்தோம். றஸீனாவின் மண்டபத்தில் மேசை போட்டு, லேஸ் விரித்து, அதில் ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தார்கள். வேறு பீங்கான் வைக்க றஸீனா விடவில்லையாம். வந்தவர்கள் வழமைபோல மேசையைச் சுற்றி வந்து, வெறும் லேஸை மரியாதையாகப் பார்த்துவிட்டு வட்டிலப்பம் சாப்பிடப் போனார்கள். நான் இருக்கும்போதே ஒருவர் 'நல்லா இருக்கு' என்றும் சொன்னார்.

றஸீனா அறையில் படுத்திருந்தார். பாதியாக மெலிந்திருந்தார். மிஸ் கட்டிலின் ஓரத்தில் இருந்து, பழக்கத்தில் நாடியைப் பிடித்தார்.

"காலையில இருந்து மருந்துக் குளிசை போடயில்ல" என்று மருமகள் றுக்‌ஷானா முறையிட்டாள். "சாப்பாடும் வாணாமாம்."

"எல்லாம் கசக்குது புள்ள" என்றார் றஸீனா, கண்ணைத் திறக்காமல். "மலர், 2033 ஐ நீயே வெச்சுக்க. படுத்துக் கிடந்து யோசிச்சன். எனக்கு இனிச் சண்ட பிடிக்க ஏலா."

மிஸ் பயந்துபோனார். அவ்வளவு பயத்தை அந்த முகத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை. திரும்பிப் பீற்றர் அண்ணரைப் பார்த்தார். அவர் நடுங்கும் கையால் போனைத் தடவினார், தடவினார், முடிவில் தொண்டையைச் செருமினார்.

"2039. ஹஜ்ஜுப் பெருநாள், டிசம்பர் இருபத்தாறு."

"ஆ!" என்றார் மிஸ். "அப்ப நத்தாருக்கு அடுத்த நாள். 2033 ஐ வேணுமெண்டா நீயே எடு றஸீனா, எனக்கு வேணாம். ஆனா 2039 ஐ நான் விடமாட்டன். இருபத்தஞ்சு இரவுக்கு முன்னம் ஒரு கோப்பைகூடப் பாலம் தாண்டாது."

றஸீனா கண்ணைத் திறந்தார். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். நாடியைப் பிடித்த கையை மிஸ் இன்னும் விடவில்லை என்பதை அவரும் கண்டிருக்க வேண்டும். அழப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஹஜ்ஜுப் பெருநாளா?" என்றார். "அப்ப எனக்கு எழுவத்தாறு வயசுகா." மெல்லக் கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தார். "றுக்‌ஷானா, அந்தக் குளிசையக் கொண்டா. சோறும் கொண்டா."