நான்கு வரியும் கிள்ளை ஒலிபெருக்கியும்

கிள்ளை என்ற கடலோர ஊரின் மீனவர் தங்கராசுவின் மகள் சந்திரலேகா, சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாள். மற்ற நேரமெல்லாம் எங்கள் குழுவுக்குத்தான். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை நாங்கள் ஏழு பேர் பராமரித்தோம். மூல புராஜெக்ட் வேறொருவருடையது; அதை எடுத்து எங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வோம். நான் தலைவன். பெரிய மனுஷன் என்ற நினைப்பும் உண்டு.

2008இல் கிள்ளை தகவல் மையத்தில் எங்கள் சிஸ்டம்தான் ஓடியது. அலை உயரும் நாளில் மட்டும் ஒலிபெருக்கியில் தானாக எச்சரிக்கும். அது பேசாவிட்டால் கடலுக்குப் போகலாம் என்று அர்த்தம். ஒருநாள் சோதித்தபோது சத்தமே வரவில்லை. சந்திரலேகா மூன்று வாரம் மல்லுக்கட்டி, சவுண்ட் கார்டை இயக்கும் நிரலில் நான்கு வரி திருத்தினாள். சத்தம் வந்தது.

"இத மூல புராஜெக்ட்டுக்கு அனுப்பிடலாம்ணா. பாண்டிச்சேரிக்காரங்களும் அங்கேருந்துதான எடுக்கறாங்க, அவுங்களுக்கும் ஆவும்" என்றாள்.

எங்களைப் போலவே இயங்கிய பாண்டிச்சேரிக் குழு, முந்தின வருடம் எங்கள் வேலையை எடுத்துக்கொண்டு எங்கள் பெயர்கூடப் போடவில்லை. எனக்கு அந்த எரிச்சல்.

"அவுங்களே தேடி அலையட்டும். நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

ஆறு மாதம் கழித்து மூல புராஜெக்ட்டின் புதுப் பதிப்பு வந்தது. அப்படியே எடுத்து கிள்ளைக் கம்ப்யூட்டரில் போட்டேன். எங்களிடம் மட்டும் இருந்த நான்கு வரியும் அதில் அழிந்துபோனது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வாரமே அலை உயர்ந்தது. ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. தங்கராசு படகை இறக்கினார். படகு கவிழ்ந்து, தோள் எலும்பு முறிந்து கரை சேர்ந்தார்.

நான்கு வரியும் போனதைக் கண்டுபிடித்த சந்திரலேகா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னைக் கேட்காமலே மூல புராஜெக்ட்டுக்கும் பாண்டிச்சேரிக்கும் திருத்தத்தை அனுப்பினாள். பாண்டிச்சேரியிலிருந்து தீபிகா என்ற பெண் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டாள். நாலு மாதமாக அவர்களும் இதைத்தான் தேடுகிறார்களாம். கரண்ட் போய் வந்தால் சத்தம் நிற்கும் கோளாறுக்கு அவர்களிடம் தீர்வு இருக்கிறதாம். இரண்டும் சேர்ந்து மூல புராஜெக்ட்டில் ஏறின.

திருத்தத்தின் அடியில் எழுதியவர் பெயரோடு சோதித்தவர் பெயரும் போடுவது வழக்கம். "சோதிச்சவர்னு உங்க பேரப் போடட்டுமாண்ணா?" என்றாள் சந்திரலேகா. கூசிப்போனேன். "கிள்ளைல காதால கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

அடுத்து அலை உயர்ந்த நாளில் கரையில் நின்றேன். ஒலிபெருக்கி கணீரென்று எச்சரித்தது. கைக்கட்டோடு வந்திருந்த தங்கராசு, "படக மேல இழுங்கடா!" என்று கத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குப் பேசுதே தம்பி!"

"அன்னிக்குப் பேசாதது என்னாலதாங்க" என்றேன்.

"அன்னிக்கு கரண்ட்டு இல்லன்னு சொல்லிச்சே எம் பொண்ணு?"