கிளிப் வைத்த கம்பு

வீட்டில் பாட்டில் மூடி திறப்பது லிப்டுக்காரரின் வேலை. மனைவி பேக்கரியில் கேக்குக்கு மேல் கிரீம் பூ பிழிகிறவள். நாள் முழுக்கக் கிரீம் பையை அழுத்தி அழுத்தி வலது கையில் பிடிமானம் போய்விட்டது. "ஏங்க, இதைக் கொஞ்சம் திருகிக் குடுங்க" என்று நீட்டுவாள். அவர் திருகிக் கொடுப்பார், சற்றுப் பெருமையாகவே.

லிப்ட் பழுது பார்க்கும் தொழிலில் அவர் சந்தேகப் பேர்வழி. பிரேக் பிடிக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். தானே மோட்டார் அறைக்கு ஏறித் தொட்டுப் பார்த்த பிறகுதான் லிப்டை ஓட விடுவார். அவர் கை பட்ட லிப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்பார்கள்.

மச்சான், மனைவியின் அண்ணன், ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் கோஷ்டி ஒன்று வைத்திருந்தார். "மாப்ளே, பெட்டிக்குள்ள நின்னு மேல போயே பழகிட்டீங்க. கால் எதுக்குன்னு மறந்துபோச்சு" என்று வருஷக்கணக்காகச் சீண்டியதில் ஒருவழியாகக் கணவன் மனைவி இருவரும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலை ஊன்றுகம்பு வாங்கப் போனார்கள்.

கடைப்பெண் மூன்று வகை எடுத்துப் போட்டாள். ஒன்று குடை மாதிரி மடங்கியது. விரித்தால் குட்டை. மற்ற இரண்டும் குழாய்க்குள் குழாய் நுழைந்து நீள்கிறவை. ஒன்றில் வேண்டிய நீளத்தில் நிறுத்திக் கிளிப்பை மடக்கினால் போதும். இன்னொன்றில் குழாயைத் திருகி இறுக்க வேண்டும்.

"இதை நல்லா பலமா திருகணும் சார். கையில பலம் இல்லாதவங்களுக்கு வேணாம். சரியா இறுகலைன்னா இறக்கத்துல சுருங்கிடும்."

"அப்ப கிளிப்லயே ரெண்டு குடும்மா."

"ஒண்ணுதான் சார் இருக்கு. அடுத்த வாரம் வரும்."

கிளிப் கம்பு கறுப்பு. தக்கையில் கைப்பிடி. மச்சான் வைத்திருப்பதும் அதே ஜாதிதான். லிப்டுக்காரர் அதை ஊன்றிக் கண்ணாடி முன் நின்றார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மனைவி அந்தப் பக்கம் பெஞ்சில் குனிந்து ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருகு கம்பை அவளிடம் நீட்டினார்.

"உனக்கு இது. லேசா இருக்கு பாரு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மலையடியில் அவரே திருகிக் கொடுத்தார். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது கம்பை நீட்டிக்கொள்ள வேண்டும் என்று மச்சான் எல்லோருக்கும் சொன்னார். லிப்டுக்காரர் கிளிப்பைத் தட்டி நீட்டிக்கொண்டு, கோஷ்டியோடு பேசியபடி முன்னால் போய்விட்டார். சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவள் பாறையில் விழுந்து கிடந்தாள். பக்கத்தில் கம்பு, பாதியாகச் சுருங்கி.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னாள். "நான்தான் சரியா திருகலை."

"கேக்குல ரோஜாப்பூ பூக்க வெக்கிறே, ஒரு கம்பை இறுக்கத் தெரியலையா உனக்கு?" என்று வீட்டுக்கு வந்திருந்த மச்சான் கேலி செய்துவிட்டு மாத்திரை வாங்க இறங்கிப் போனார்.

லிப்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வேறொரு மெக்கானிக் தெரிந்தே ஒரு லிப்டை இப்படி ஓட விட்டிருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பார்.

"அந்தக் கடைப் பொண்ணு அப்பவே சொன்னா" என்று ஆரம்பித்தார்.

"தெரியும். நானும் அங்கதானே இருந்தேன்."

"உனக்குக் கேட்டுச்சா? அப்ப கிளிப் கம்பை எனக்குத் தாங்கன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்க." கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "கேட்காம குடுப்பீங்களான்னு பார்த்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். வெளியே வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னாள். அந்தச் சின்ன அறையில் எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மச்சான் மாத்திரையோடு திரும்பி வந்தார். லிப்டுக்காரர் எழுந்து நின்றார்.

"மச்சான், தப்பு அவமேல இல்ல. கடையிலயே சொன்னாங்க. தெரிஞ்சேதான் நல்ல கம்பை நான் வெச்சுக்கிட்டு மத்ததை அவளுக்குக் குடுத்தேன்."

மச்சான் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினார்.

"பாத்தியா தங்கச்சி, பழியைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிறார். உன்னை விட்டுக்குடுக்க மாட்டேங்கிறார் மனுஷன்."

"இல்ல மச்சான், நிஜமாவே."

"சரி சரி, நம்பிட்டேன். குடுத்து வெச்சவம்மா நீ."

அவள் இடது கையால் டம்ளரை வாங்கி மாத்திரையை விழுங்கினாள். அண்ணனைப் பார்த்து ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினாள். லிப்டுக்காரர் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மச்சான் டீ கேட்டார்.