கொல்கத்தா படகுத்துறையில் ஐலண்டர் கார்டு

அந்தமானில் எங்கள் மின்னி பே பகுதியிலிருந்து மகள் கொல்கத்தாவுக்குப் படிக்கப் போன நாள் முதல் அவளுடன் நான் பேசுவதில்லை. இங்கே கல்லூரியா இல்லை?

இன்று அதிகாலையிலேயே பஸ்ஸில் ஊர் சுற்றிவிட்டு, படகிலிருந்து அவள் அம்மாவுக்கு வீடியோ கால் செய்தாள்.

"பழக்கத்துல டிக்கெட் கவுண்டர்ல ஐலண்டர் கார்டை நீட்டிட்டேம்மா. 'யே க்யா ஹை', இது என்னன்னு கேக்குறாரு கவுண்டர்காரரு."

மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நம் தீவுப் படகுகளில் சலுகை வாங்கித் தரும் கார்டு, மெயின்லேண்டில் எதற்கும் உதவாது. இன்னும் பர்ஸில் மேலாகவே வைத்திருக்கிறாள்.

"அப்பா எங்க?"

"பேப்பர் படிக்கிறாரு."

"பேப்பர் கொண்டு வர்ற காலை ஃப்ளைட்டே இன்னும் வந்திருக்காதே, எந்தப் பேப்பர்?"

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

கொல்கத்தாவிலிருந்து இங்கே வரும் அடுத்த கப்பல் எப்போது புறப்படுகிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மனைவி கேட்கச் சொன்னாள்.