அதட்டாமல் பேச ஒரு வார்த்தை

எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது நடந்ததை இத்தனை வருடம் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிய அது நல்ல பெயர் வாங்கித் தந்த கதையா என்ன!

என் மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்காரர் லோரி ஓட்டப் போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவார். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்குள் ஓட வேண்டிய அவசரத்தில், சோற்றைச் சிந்தினாலும் அடி, சட்டை போடச் சுணங்கினாலும் அடி. கதவு மூலையில் ரோத்தான் பிரம்பு தயாராக இருக்கும். முதல் தடவை அவள் முதுகுத் தடிப்பைப் பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என்னைத் திட்டி அனுப்பினார். இரண்டாம் தடவை அவள் கை வீங்கிப்போய்க் கூட்டிப் போனேன். அவர் திட்டவில்லை. சமூகநல அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்.

பிள்ளையை ஜெராமில் என் தங்கை வீட்டில் விட்டார்கள். வாரம் ஒரு மதியம், பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போவேன். தங்கை அவளைக் கூட்டி வருவாள். அங்கே வேலை பார்க்கும் ஒரு மலாய் அம்மா முன்னால் நானும் மகளும் ஒரு மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். அடிக்காமல் வளர்க்கக் கற்றுக்கொண்டால்தான் பிள்ளை திரும்பி வரும். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் பெற்ற பிள்ளையை வளர்க்க எனக்கே பாடமா? ஆனால் வீடு திரும்பினால் அவள் ரிப்பன் கொடியில் தொங்கும். எடுத்து மடிக்க மனசு வராது. அந்தச் சின்னக் குரலுக்கு அப்படி ஏங்கிப்போனேன்.

முதல் நாள் மகள் பாயில் ரப்பர் கொட்டைகளைப் பரப்பினாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் நான் பிள்ளையிடம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் மலாயில் என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நேரா உட்காரு என்றேன். அவரிடம் டுடோக் என்று சொன்னேன். சத்தம் போடாத, டியாம். சீக்கிரம் பொறுக்கு, செப்பாட். தொடாத, ஜாங்கான். கொஞ்ச நேரத்தில் என் குரல் எனக்கே கேட்க ஆரம்பித்தது. வேலை வாங்கும் மண்டோர் காலையில் எங்களை விரட்டுவதும் இப்படித்தான்.

ஏவாமல், கேள்வி கேட்காமல், அவள் செய்வதைப் பார்த்து அப்படியே சொல்லுங்கள், ஐந்து நிமிடம் போதும் என்றார் அந்த அம்மா. எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், "கொட்டைய வரிசையா வைக்கிற" என்றேன். அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டில் தனியாகப் பழகினேன். "நீ மீன் தலைய மோந்து பாக்குற" என்று பூனையிடம் சொல்வேன். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் லயம் அல்லவா, பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுந்துவிடும். "ஏன்க்கா, பூனைக்குப் பாடமா லா?" என்று சிரிப்பாள்.

ஐந்தாறு வாரம் கழித்து அதே வார்த்தையை மறுபடியும் மகளிடம் சொன்னேன். தலை நிமிராமல், "வரிசை இல்லம்மா, லயம். இது நம்ம வீடு" என்றாள். அவள் அம்மா என்று கூப்பிட்டு எத்தனை வாரமாயிற்று! சந்தோஷத்தில் அவள் நெற்றி முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

"முடிய ஒதுக்கத்தான் அம்மா கையத் தூக்குனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அழுகை அடங்கவில்லை. வெகுநேரம் கழித்து, அவளே தலையை என் பக்கம் சாய்த்தாள்.

அந்த வருடக் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். ரோத்தானை அடுப்பில் வைத்தேன். அதன் பிறகு அவளை அடிக்கவில்லை. கோபம் வராமல் இல்லை. வந்தால் பின்பக்கம் போய்த் துணி துவைப்பேன்.

இப்போது அவள் புக்கிட் செந்தோசாவில் இருக்கிறாள். போனில் மணிக்கணக்கில் பேசுவாள். ஆனால் தீபாவளிக்கு வரும்போது திருநீறு பூச நான் கையைத் தூக்கினால், அவள் கண்கள் இறுக மூடிக்கொள்ளும். திருநீறு கண்ணில் விழாமல் இருக்கத்தான் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, என் கை உயரும்போது அவள் கண்ணைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.