காளியாயி வேணாமென்ற படங்கு

பொகவந்தலாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி படிப்பிக்கிற ஜீவராணி டீச்சருக்கு, புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிற பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. புதிதாய் ஒரு தொழில் தொடங்க வேண்டுமா, முதலில் வாங்கப்போகிறவரிடம் போய்க் கேள் என்பார். அவரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவர்தான். உங்களுக்கு இது போதும் என்று அடுத்தவர்கள் முடிவு கட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்.

இந்த வருஷம் அவருடைய உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்கான புதுத்தொழில் போட்டிக்காக ஒரு படங்கு தைத்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் ஈரமும் கிளையும் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிறார்களே, அதுதான். பழைய சாக்குக்குப் பதிலாக நல்ல ரெக்சின், பக்கத்துக்கொரு பெரிய பை, முன்னால் சிப். யோசனை சுதர்ஷினியுடையது. அவளுடைய அம்மா காளியாயியும் கொழுந்து எடுக்கிறவள்தான்.

சுதர்ஷினி காலையில் பெரட்டுக்களத்துக்கே போய், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்களிடம் கேட்டாள். நாற்பத்திரண்டு பேரும் நல்லாயிருக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள். வகுப்பே துள்ளிக் குதித்தது. டீச்சருக்கு மட்டும் சுருக்கென்றது. பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டார். வேலை பிரித்துக் கொடுக்கிற கங்காணி என்றாள். பிறகென்ன? எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் தலையாட்டியே பழகிய இடத்தில் எந்தப் பெண் வாய் திறந்து மறுத்திருக்கிறாள்?

ஐந்து பேருக்கு ஐந்து படங்கு கொடுத்து, ஒரு கிழமை கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியில் துணி துவைக்கும்போது பதில் கேளுங்கள், அங்கே கங்காணி வரமாட்டார்.

காளியாயி சொந்த மகளென்றும் பார்க்கவில்லை. பை கிளையில் மாட்டி இழுக்கிறது, சிப் நனைந்தால் திறக்க மாட்டேனென்கிறது, சாக்கே தேவலை என்று சொல்லி, கடைசியில் "வேணாம் புள்ள" என்றாள். மற்ற நால்வரும் அதையேதான் சொன்னார்கள். சுதர்ஷினி அழுதாள். டீச்சர் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுது என்றார்.

போட்டிக்குப் பொறுப்பான அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு டீச்சரைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். முதலிடம் வந்தால் கொழும்புக்குப் போகலாம், கையெழுத்துத் தாள் இருக்கட்டும், கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், பாவம் தோட்டத்துப் பிள்ளைகள், ஒரு பரிசு வாங்கட்டுமே என்றார்.

அந்தப் ‘பாவம்’ டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கொழும்பு, பிள்ளைகளுடைய ஆசை. அதற்குத் தான் எப்படி முடிவு கட்டுவது? கூட வந்து வெளியே நின்ற சுதர்ஷினியைக் கூப்பிட்டு, அதிகாரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி, நீயே முடிவெடு என்றார். பிள்ளை கிழித்துவிட்டால்?

சுதர்ஷினி அறிக்கையைக் கையில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா வேணாம்னு சொல்லி இதுவரைக்கும் யாரும் எழுதி வச்சதில்ல சேர். நாங்க எழுதியிருக்கோம். கிழிக்க மாட்டோம்."

பிறகு கையெழுத்துத் தாளை உருவி அதிகாரி முன்னால் வைத்தாள்.

"கிழிக்கணும்னா இதக் கிழிங்க. இது பயத்துல போட்டது."